ஆறாம் மாதம் வரை நோய் எங்கே இருந்தது?

அரிவாள் செல் சோகையோடு பிறக்கும் குழந்தையைப் பிறந்த வாரத்தில் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. நன்றாகப் பால் குடிக்கும், எடை போடும், முகம் பார்த்துச் சிரிக்கும். ஐந்தாறு மாதம் தாண்டியதும் ஒருநாள் கைவிரல்களும் பாதமும் வீங்கும், தொட்டால் வீரிட்டு அழும். எங்காவது இடித்துக்கொண்டிருக்கும், பூச்சி ஏதாவது கடித்திருக்கும் என்றுதான் வீட்டில் முதலில் நினைப்பார்கள். உள்ளே நடப்பது வேறு. வளைந்து விறைத்துப்போன சிவப்பணுக்கள் விரல் எலும்புகளுக்குப் போகும் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைத்துக்கொண்டிருக்கின்றன.

இந்த நோய்க்குக் காரணமான மரபணுப் பிழை ஆறாம் மாதத்தில் புதிதாக வந்ததில்லை. கரு உருவான முதல் நாளில், முதல் செல்லிலேயே அது இருந்தது. அப்படியென்றால் வயிற்றில் இருந்த ஒன்பது மாதமும் பிறந்தபிறகு வந்த ஆறு மாதமும் அது ஏன் ஒன்றும் செய்யவில்லை?

சடுதிமாற்றத்துக்கும் எபிஜெனெடிக் மாற்றத்துக்கும் என்ன வேறுபாடு என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குவேன். ஒரே குழந்தையின் ரத்தத்தில், ஒரே குரோமோசோமில், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன.

முதலில் பிழையைப் பார்த்துவிடலாம். டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளில் எழுதப்பட்ட நீளமான சரம். மனிதனுக்கு ஒரு படிக்குச் சுமார் 300 கோடி எழுத்துகள். தாயிடமிருந்து ஒரு படி, தந்தையிடமிருந்து ஒரு படி. செல் அதை மும்மூன்று எழுத்தாகப் படித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஒரு அமினோ அமிலத்தைக் கோத்துப் புரதம் செய்கிறது. 11ஆம் குரோமோசோமில் இருக்கும் பீட்டா குளோபின் மரபணு, ஹீமோகுளோபினின் ஒரு பாதியைச் செய்வதற்கான வாசகம். அந்தப் புரதத்தில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவதற்கான எழுத்துகள் ஜி-ஏ-ஜி என்று இருக்க வேண்டும். அரிவாள் செல் நோயில் அது ஜி-டி-ஜி என்று இருக்கிறது. நடுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் குளூட்டாமிக் அமிலம் வர வேண்டிய இடத்தில் வேலின் வந்து உட்கார்கிறது. வேலினுக்குத் தண்ணீரோடு ஒட்டாது. ஆக்சிஜனை இறக்கி வைத்தவுடன் இந்த ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. அந்த இழைகள் சிவப்பணுவை உள்ளிருந்து தள்ளி அரிவாள் மாதிரி வளைத்துவிடுகின்றன.

நோயாளிகளின் ஹீமோகுளோபினே வேறு வகை என்று 1949இல் காட்டியவர் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவும். அந்த வித்தியாசம் ஒரே ஓர் அமினோ அமிலம்தான் என்பதைச் சில ஆண்டுகள் கழித்து கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்கிராம் கண்டுபிடித்தார். நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. இந்தியாவில் இந்த மரபணுவைப் பற்றிய முதல் பதிவுகளுள் ஒன்று 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் செய்த ரத்தப் பரிசோதனையிலிருந்து வந்தது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்தப் பிழை வந்தால் பெரும்பாலும் தொந்தரவு இல்லை, மலேரியா கடுமையாகாமல் காப்பும் கிடைக்கும். இருவரிடமிருந்தும் வந்தால் நோய்.

இதுதான் சடுதிமாற்றம்: எழுத்தே மாறிவிடுவது. ஓர் எழுத்து மாறலாம், விழலாம், கூடுதலாகச் சேரலாம், பெரிய துண்டே உடைந்து இடம் மாறலாம். பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிலும் பெற்றோர் இருவரிடமும் இல்லாத அறுபது, எழுபது புதிய எழுத்து மாற்றங்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை எதையும் செய்வதில்லை. ஆனால் மாறிய எழுத்து மாறியதுதான். செல் இரண்டாகும்போதெல்லாம் அது அப்படியே படியெடுக்கப்படும்.

சரி, அந்த ஆறு மாதத்துக்கு வருவோம்.

பீட்டா குளோபின் மரபணு இருக்கும் அதே தெருவில், கொஞ்சம் முன்னால், காமா குளோபின் என்ற மரபணு இருக்கிறது. கருப்பையில் வளரும் குழந்தை பயன்படுத்துவது இதைத்தான். காமாவைக் கொண்டு செய்த ஹீமோகுளோபின், தாயின் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்வதில் கெட்டிக்காரத்தனமானது. பிறக்கும்போது குழந்தையின் ரத்தத்தில் பெரும்பங்கு இந்தக் கரு ஹீமோகுளோபின்தான். பிறகு மெல்ல மெல்லக் காமா அடங்கும், பீட்டா எழும். பெரியவர்களின் ரத்தத்தில் கரு ஹீமோகுளோபின் வழக்கமாக நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. பிழையான பீட்டாவை வைத்திருக்கும் குழந்தைக்கு, பிழையில்லாத காமா ஓடிக்கொண்டிருந்த வரை ஒரு குறையும் இல்லை. காமா வாய் மூடிய பிறகுதான் பீட்டாவின் பிழை வெளியே தெரிகிறது. 1948லேயே நியூயார்க்கில் ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர், அரிவாள் செல் மரபணுவோடு பிறந்த சிசுக்களின் ரத்தத்தில் வளைந்த செல்கள் மிகக் குறைவாக இருப்பதைக் கவனித்து, கரு ஹீமோகுளோபின்தான் காக்கிறது என்று ஊகித்திருந்தார்.

காமா எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. இதைப் படிக்கும் உங்கள் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லிலும் காமா குளோபின் மரபணு முழுசாக, ஓர் எழுத்துகூடக் குறையாமல் இருக்கிறது. அதைப் படிக்காமல் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் செய்தி.

படிக்கவிடாமல் வைப்பது எப்படி? இதற்கு நம் எழுத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 'க' என்று எழுதுங்கள். அதன் தலையில் ஒரு புள்ளி வையுங்கள். 'க்' ஆகிவிட்டது. எழுத்தின் வடிவத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை, மேலே ஒரு புள்ளி ஏறியிருக்கிறது, உள்ளே இருந்த அகர ஒலி அடங்கிவிட்டது. டி.என்.ஏ.வில் சி என்ற எழுத்தின் மீது மெத்தில் என்ற சின்னஞ்சிறு வேதிக் குழு ஏறி உட்காருவதும் இப்படித்தான். சி இன்னும் சிதான். ஆனால் ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியில் இப்படிப் புள்ளிகள் அடர்த்தியாக விழுந்தால், அந்த மரபணுவைப் படிக்க வரும் புரதங்கள் உட்கார இடம் கிடைக்காமல் திரும்பிவிடும். எழுத்தைத் தொடாமல் மேலே ஏறும் இப்படிப்பட்ட குறிதான் எபிஜெனெடிக் மாற்றம். எபி என்ற கிரேக்க முன்னொட்டுக்கே 'மேலே' என்று பொருள். உவமை ஓர் இடத்தில் இடிக்கும்: தமிழ்ப் புள்ளி தன் எழுத்தை மட்டும் அடக்கும், மெத்தில் புள்ளிகள் சேர்ந்து ஒரு மரபணு முழுவதையும் அடக்கிவிடும்.

புள்ளி மட்டுமே வழி என்றும் இல்லை. டி.என்.ஏ. சரம் ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில் நூல்கண்டு மாதிரி சுற்றிவைக்கப்பட்டிருக்கிறது. அந்த உருளைகளின் வால்களில் சில வேதிக் குறிகள் ஏறினால் சுற்று தளரும், மரபணு படிக்கக் கிடைக்கும். வேறு சில ஏறினால் சுற்று இறுகும். காமா குளோபினை மூடிவைப்பதில் பி.சி.எல்.11ஏ என்ற புரதம் முக்கிய ஆள். அது காமாவின் முகப்பில் வந்து உட்கார்ந்து, சுற்றைத் தளர்த்தும் ஹிஸ்டோன் குறிகளை அழிக்கும் நொதிகளையும் கூட்டி வருகிறது. காமாவை அடக்குவதில் இந்தப் புரதத்துக்குப் பங்கு உண்டு என்பது 2008இல் வெளிவந்த ஆராய்ச்சியில் தெரியவந்தது; அது காமாவின் முகப்பிலேயே உட்காருகிறது என்பது 2018இல்தான் உறுதியானது.

ஒரு மரபணு கூடுவதும் குறைவதும் எல்லாமே எபிஜெனெடிக்ஸ் ஆகிவிடாது. வெயிலில் நின்றால் தோல் செல்களில் சில மரபணுக்கள் வேகமெடுக்கும், நிழலுக்கு வந்தால் அடங்கும். அது அன்றாட ஏற்றத்தாழ்வு. தூண்டியது போன பிறகும் குறி நிற்க வேண்டும், செல் பிரியும்போது மகள் செல்களுக்கும் போய்ச் சேர வேண்டும், அப்போதுதான் அந்தப் பெயரை முழுமனதோடு கொடுக்கலாம். மெத்தில் புள்ளிகளுக்கு அந்தத் தகுதி உண்டு. டி.என்.ஏ. இரட்டிக்கும்போது பழைய இழையில் புள்ளி இருக்கும் இடத்தைப் பார்த்துப் புதிய இழையிலும் புள்ளி வைக்க ஒரு நொதியே தனியாக இருக்கிறது. கல்லீரல் செல் பிரிந்தால் கல்லீரல் செல்லே வருகிறது, நரம்பு செல் வருவதில்லை. இரண்டிலும் எழுத்து ஒன்றுதான், மூடிவைத்த பக்கங்கள் வேறு வேறு.

எழுத்து மாறியதா, வாய் மூடப்பட்டதா என்பதை வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது. இதற்கு ஒரு பூ சாட்சி.

ஐரோப்பாவில் சாலையோரங்களில் பூக்கும் லினேரியா என்ற மஞ்சள் பூ, மேல் உதடும் கீழ் உதடுமாக வாய் மாதிரி இருக்கும். கீழ்ப்பக்கம் ஒரே ஒரு வால் நீட்டிக்கொண்டிருக்கும். 1742இல் ஸ்டாக்ஹோம் அருகிலுள்ள தீவு ஒன்றில் ஒரு மாணவர், அதே செடியில் வேறு விதமான பூவைக் கண்டெடுத்தார். வாயும் இல்லை, மேல் கீழும் இல்லை. ஐந்து பக்கமும் ஒரே மாதிரி, ஐந்து வால்கள், நட்சத்திரம் மாதிரி. பூவை வைத்தே செடிகளை வகைப்படுத்திக்கொண்டிருந்த லின்னேயஸ் அதைப் பார்த்து ஆடிப்போனார். பசு ஓநாய்த் தலையோடு கன்று போட்டால் எவ்வளவு அதிசயமோ அதற்குக் குறைந்ததில்லை இது என்று எழுதினார். கிரேக்கத்தில் அசுரப்பிறவி என்று பொருள்படும் சொல்லிலிருந்து 'பெலோரியா' என்று பெயரும் வைத்தார்.

இதன் உறவுக்காரச் செடி ஆன்டிரைனம், நம் மலைவாசத்தலப் பூங்காக்களில் பாத்திகளாக வைத்திருப்பார்கள், பூவின் பக்கங்களை அமுக்கினால் வாய் திறக்கும். அதிலும் இப்படி நட்சத்திரப் பூக்கள் உண்டு. அங்கே காரணம், பூவுக்கு மேல்பக்கம் எது என்று தீர்மானிக்கும் சைக்ளாய்டியா மரபணுவிலும் அதன் நெருங்கிய உறவான இன்னொரு மரபணுவிலும் ஏற்பட்ட சடுதிமாற்றங்கள். லினேரியாவிலும் அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்த்து இங்கிலாந்தின் நாரிச் நகரில் ஜான் இன்னெஸ் மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சைக்ளாய்டியா மரபணுவை எடுத்துப் பார்த்தார்கள். 1999இல் முடிவு வெளியானது. நட்சத்திரப் பூவுக்குக் காரணமாகச் சொல்லும்படி அந்த மரபணுவின் எழுத்துகளில் மாற்றம் எதுவும் இல்லை. மேலே முழுக்க மெத்தில் புள்ளிகள்! மரபணு வாயடைத்துக் கிடந்தது.

இரண்டு செடிகளிலும் பூ ஒரே மாதிரிதான். ஆனால் லினேரியாவில் மட்டும், நட்சத்திரப் பூ பூக்கும் செடியிலேயே சில கிளைகளில் புள்ளிகள் உதிர்ந்து, பூ பழைய வாய் வடிவத்தை நோக்கித் திரும்புகிறது. அடங்கியது மறுபடி பேசலாம் என்பதற்கு இதைவிடக் கண்கூடான காட்சி எனக்குத் தெரியாது.

பூவில் இது வியப்பு. மனிதர்களிடம் வரும்போது, ஒரு குடும்பத்தையே உட்காரவைத்துப் பேச வேண்டுமா இல்லையா என்பதை இந்த வேறுபாடுதான் முடிவு செய்கிறது. பெருங்குடல் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.எல்.எச்.1 என்ற மரபணு, டி.என்.ஏ. படியெடுக்கும்போது விழும் பிழைகளைத் திருத்தும் மெய்ப்புத் திருத்துநர். அது வேலை செய்யாவிட்டால் பிழைகள் குவிந்து புற்றுநோய் வரலாம். அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியைச் சோதிக்கும்போது எம்.எல்.எச்.1 புரதம் காணோம் என்று அறிக்கை வருகிறது. காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். பிறவியிலேயே அந்த மரபணுவில் சடுதிமாற்றம் இருந்தால் அது லிஞ்ச் நோய்க்கூறு. நோயாளியின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போயிருக்க ஐம்பது சதவீத வாய்ப்பு. அண்ணன், தங்கை, பிள்ளைகள் எல்லோரும் பரிசோதனைக்கு வர வேண்டும், இருப்பவர்கள் இளவயதிலிருந்தே பெருங்குடல் உள்நோக்கிச் சோதனை செய்துகொள்ள வேண்டும். இன்னொரு காரணம், வயதான காலத்தில் குடலின் ஏதோ ஒரு செல்லில் எம்.எல்.எச்.1இன் முகப்பில் மெத்தில் புள்ளிகள் ஏறி அது அடங்கிப்போனது. இது அந்தக் கட்டியோடு நின்றுவிடும், மிக அரிதான விதிவிலக்குகளைத் தவிர. அதனால்தான் கட்டியில் மெத்தில் ஏறியிருக்கிறதா என்று தனியாக ஒரு சோதனை செய்கிறார்கள். இந்த நிலையில் இருக்கும் யாராவது இதைப் படித்தால், அந்தச் சோதனை செய்தாயிற்றா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

எபிஜெனெடிக்ஸ் என்ற சொல் இப்போது வாட்ஸ்அப் வரை வந்துவிட்டது. தாத்தா பட்ட துக்கம் பேரனின் மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது, நினைப்பை மாற்றினால் ஜீனை மாற்றலாம் என்றெல்லாம் சொல்கிறார்கள், பொடியும் எண்ணெயும்கூட அந்தப் பெயரில் விற்கிறார்கள். நோயோடு இருப்பவர்களிடம் 'நீ சரியாக நினைத்தால் சரியாகிவிடும்' என்று சொல்வது அவர்கள் தலையில் இன்னொரு பாரத்தை ஏற்றுவது. அதனால் இதில் எது உறுதி என்று பார்ப்பது அவசியம்.

அடிக்கடி காட்டப்படும் ஆதாரம் நெதர்லாந்தின் பஞ்சம். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய முற்றுகையால் அந்நாட்டின் மேற்குப் பகுதியில் உணவு அறவே குறைந்தது. அப்போது கருவாக உருவானவர்களை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, வளர்ச்சியோடு தொடர்புடைய ஐ.ஜி.எஃப்.2 மரபணுவில் மெத்தில் அளவு, பஞ்சத்தைப் பார்க்காத அவர்களுடைய உடன்பிறந்தவர்களைவிடச் சற்றுக் குறைவாக இருந்தது. 2008இல் வந்த முக்கியமான ஆய்வு இது. ஆனால் பட்டினியைப் பார்த்தது அவர்களே, தாயின் வயிற்றில் இருந்தபோது. பரம்பரையாக வந்த குறி என்று இதைச் சொல்ல முடியாது. கர்ப்பிணி பட்டினி கிடந்தால் அவளும், வயிற்றுப் பிள்ளையும், அந்தப் பிள்ளைக்குள் ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருக்கும் கருமுட்டைகளும், ஆக மூன்று தலைமுறை ஒரே நேரத்தில் பட்டினி கிடக்கிறது. உண்மையான பரம்பரையைக் காண வேண்டுமானால் நான்காவது தலைமுறையைப் பார்க்க வேண்டும். மனிதர்களில் அதற்கு உறுதியான சான்று இதுவரை இல்லை.

அதற்குக் காரணமும் உண்டு. ஓலைச்சுவடியில் எழுதியவர்கள் எழுத்தாணி குத்தி ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டார்கள். எழுத்து மட்டும் தலைமுறை தாண்டி வந்தது, புள்ளியைப் படிப்பவர் தானே வைத்துக்கொள்ள வேண்டும். பாலூட்டிகளிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. கருமுட்டையாகவும் விந்தாகவும் ஆகப்போகும் செல்களில் ஒருமுறை, கருத்தரித்தவுடன் இன்னொரு முறை, மெத்தில் புள்ளிகளில் பெரும்பாலானவை துடைக்கப்பட்டுப் புதிதாக வைக்கப்படுகின்றன. சில இடங்கள் தப்பும். செடிகளில் இந்தத் துடைப்பு அவ்வளவு முழுமையாக நடப்பதில்லை. அதனால்தான் நட்சத்திர லினேரியா விதை வழியாகவும் தன் குறியைக் கடத்துகிறது.

இவ்வளவு பிரித்துச் சொன்ன பிறகு, இரண்டும் ஒன்றின் வேலையில் ஒன்று கைவைக்கும் என்பதையும் சொல்லாமல் விட்டால் சரியாகாது. மெத்தில் புள்ளி ஏறிய சி, ஒரு அமினோ குழுவை இழந்தால் நேராக டி ஆகிவிடும். டி என்பது டி.என்.ஏ.வில் இயல்பான எழுத்து என்பதால் திருத்துநர் கண்ணுக்குப் பல நேரம் தப்பிவிடும். ஆக, புள்ளி வைத்த இடத்தில் எழுத்தே மாறிப்போகும் ஆபத்து அதிகம். மேலே சொன்ன குடல் புற்றுநோயில் எம்.எல்.எச்.1 அடங்கிய பிறகு எழுத்துப் பிழைகள் குவிவதும் இப்படி ஒன்று இன்னொன்றுக்கு வழிவிடுவதுதான். எதிர்த்திசையும் உண்டு. சிலருக்குக் காமா குளோபினின் முகப்பில் பிறவியிலேயே ஓர் எழுத்து மாறியிருக்கும். அதனால் அதை மூடவரும் புரதம் அங்கே உட்கார முடியாது, பெரியவர்களான பிறகும் காமா பேசிக்கொண்டே இருக்கும். இவர்கள் நலமாக வாழ்கிறார்கள். இவர்களில் சிலர் அரிவாள் செல் மரபணுவையும் சேர்த்தே சுமந்தபோது, நோய் அவர்களை அவ்வளவாகத் தொடவில்லை.

மருத்துவம் பிடித்துக்கொண்ட நூல் இதுதான். பிழையான எழுத்தைத் திருத்துவது கடினம் என்றால், அடங்கிக் கிடக்கும் நல்ல மரபணுவைப் பேசவைக்கலாமே. 1982இல், மெத்தில் புள்ளி வைக்கும் நொதியைத் தடுக்கும் அசாசிட்டிடின் என்ற மருந்தை, பீட்டா குளோபின் குறைபாடுள்ள ஒரு நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். காமா எழுந்தது. ஆனால் அது புற்றுநோய்க்கான கடுமையான மருந்து. பிறகு வேறு வழியில் காமாவைக் கூட்டும் ஹைட்ராக்சியூரியா வந்தது. வலி நெருக்கடிகளை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறது என்று 1995இல் பெரிய சோதனை ஒன்று காட்டியது, இன்று வரை பயன்படும் மாத்திரை அதுதான்.

2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அரிவாள் செல் நோய்க்கு அனுமதித்த கேஸ்ஜெவி என்ற மரபணு சிகிச்சையைப் பலர் 'கிரிஸ்பர் கத்தரியால் பிழையைத் திருத்திவிட்டார்கள்' என்று எழுதினார்கள். அதில் பீட்டா குளோபினைத் தொடுவதே இல்லை. நோயாளியின் ரத்த மூலச்செல்களை வெளியே எடுத்து, ரத்த செல்களில் பி.சி.எல்.11ஏ-வை முடுக்கும் ஒரு சிறு பகுதியை வெட்டிவிடுகிறார்கள். வாயை மூடும் ஆள் பலமிழக்கிறார், காமா மறுபடி பேசுகிறது. வேண்டுமென்றே ஒரு சடுதிமாற்றத்தை உண்டாக்கி, ஒரு மௌனத்தைக் கலைக்கிறார்கள். ஜி-டி-ஜி அப்படியே இருக்கிறது. அந்த நோயாளிக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கும் அது போகும், ஏனென்றால் மாற்றியது ரத்த செல்களை மட்டும். அமெரிக்காவில் இதன் விலை 22 லட்சம் டாலர். நம் மலைக் கிராமங்களுக்கு இது எப்போது எட்டும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

எட்டக்கூடியது ஒன்று இருக்கிறது. காமா அடங்குவதற்கு முன் கிடைக்கும் அந்த ஆறு மாதம். ரத்தத்தைக் கரைசலில் விட்டுக் கலங்குகிறதா என்று பார்க்கும் சாதாரண சோதனையைப் பிறந்த குழந்தைக்குச் செய்தால் ஏமாற்றிவிடும், கரு ஹீமோகுளோபின் நிறைய இருப்பதால் நோய் இல்லாத மாதிரி காட்டும். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. சோதனையை, குதிகாலில் குத்தி எடுத்த சில துளி ரத்தத்தில் செய்தால் பிறந்த வாரத்திலேயே தெரிந்துவிடும். தெரிந்தால் இரண்டாம் மாதத்திலிருந்து தினமும் பெனிசிலின் கொடுக்கலாம். இந்த நோயில் மண்ணீரல் சீக்கிரம் பழுதாகி, சாதாரண நிமோனியாக் கிருமியே சில மணி நேரத்தில் குழந்தையைக் கொண்டுபோய்விடும் என்பதால் அது தேவை. 1986இல் வெளியான ஒரு சோதனையில், பெனிசிலின் எடுத்துக்கொண்ட சிறு குழந்தைகளிடம் அந்தக் கடும் தொற்று 84 சதவீதம் குறைந்தது. அம்மாவுக்கு ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பலாம்: காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், விரல் வீங்கினால் பூச்சிக்கடி என்று விட்டுவிட வேண்டாம்.